அரை மார்க்கில் நின்றுபோகும் பயணம்!

ஆங்கிலப் பரீட்சையில் முன்னுரை எழுதுவது எப்படி?

விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அது மார்க்!

லண்டன் ஆஸ்பத்திரியில் நர்சு வேலை. ஆஸ்திரேலியாவில் மேல்படிப்பு. கனடாவில் குடியேற்றம். எதுவாக இருந்தாலும் அங்கே கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது: "உங்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும்?"

"நன்றாகத் தெரியும்" என்று வாயால் சொன்னால் போதாது. பரீட்சை எழுதிக் காட்ட வேண்டும். அதற்காக உலகம் எங்கும் நடக்கும் பரீட்சைகளில் பெயர் பெற்றது, ஐ.இ.எல்.டி.எஸ். என்பதாகும்.

இந்தப் பரீட்சை 1989-ம் ஆண்டில் தொடங்கியது. பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு ஆகிய மூன்றுக்கும் உரியது. இந்தியாவில் இதை நடத்தும் பொறுப்பு 2021-ம் ஆண்டில் முழுவதும் ஐ.டி.பி. கைக்கு வந்தது.

பரீட்சையில் 4 பகுதிகள் உண்டு. காதால் கேட்டுப் பதில் எழுதுவது ஒன்று. இது சுமார் 30 நிமிடம். படித்துப் பதில் எழுதுவது மற்றொன்று. இது 60 நிமிடம். சொந்தமாக எழுதுவது மூன்றாவது. இதற்கும் 60 நிமிடம். நேரில் பேசிக் காட்டுவது நான்காவது. இது 11 முதல் 14 நிமிடம்.

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை மார்க். 6½, 7½ என்று அரை மார்க்கும் உண்டு.

கேட்பதில் 8 வாங்குகிறார்கள். படிப்பதில் 7½ வாங்குகிறார்கள். பேச்சில் 7 வாங்குகிறார்கள். எழுத்தில் மட்டும் 6! இப்படி வந்த மார்க்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் பலர்.

அரை மார்க்கின் விலை

அரை மார்க்குத்தானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். நர்சுகளைக் கேட்டால் தெரியும்.

பிரிட்டனில் நர்சாக வேலை பார்க்க, அங்குள்ள நர்சிங் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தப் பரீட்சையைக் காட்டிப் பதிவு செய்ய விரும்புகிறவர்கள் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 7 வாங்கியிருக்க வேண்டும். எழுத்தில் 6½ வேண்டும்.

முன்பு எழுத்திலும் 7 கேட்டார்கள். நல்ல நர்சுகள் பலர் எழுத்தில் மட்டும் அரை மார்க்கில் தவறிப்போனார்கள். 2018-ம் ஆண்டின் இறுதியில் எழுத்துக்கு மட்டும் 6½ போதும் என்று குறைத்தார்கள்.

குறைத்த பிறகும் 6 வாங்கினால் கதவு திறக்காது. பத்து வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அனுபவம் இருக்கலாம். டாக்டர்களோடு ஆங்கிலத்தில் சரளமாகப் பேசலாம். எழுத்தில் அரை மார்க் குறைந்தால் பயணம் நின்றுவிடும்.

மறுபடியும் பரீட்சை. மறுபடியும் பல ஆயிரம் ரூபாய் கட்டணம். வீட்டில் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதுதான் அரை மார்க்கின் விலை.

எழுத்தில் என்ன கேட்கிறார்கள்?

எழுத்துப் பகுதியில் 2 கேள்விகள். முதல் கேள்விக்குக் குறைந்தது 150 வார்த்தை எழுத வேண்டும். மேல்படிப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரைபடத்தையோ, அட்டவணையையோ கொடுத்து, அதை விளக்கச் சொல்வார்கள். பொதுப் பிரிவில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கடிதம். இதற்கு 20 நிமிடம் செலவிடலாம்.

இரண்டாவது கேள்விதான் கட்டுரை. குறைந்தது 250 வார்த்தை. 40 நிமிடம். முதல் கேள்வியைப்போல இரு மடங்கு மதிப்பு இதற்கு உண்டு.

கட்டுரையைத் திருத்துகிறவர் 4 விஷயங்களைப் பார்க்கிறார்.

கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறதா? இது முதலாவது.

சொல்வது கோர்வையாக இருக்கிறதா? இது இரண்டாவது.

தேவையான சொற்கள் கைவசம் இருக்கின்றனவா? இது மூன்றாவது.

இலக்கணம் சரியாக இருக்கிறதா? இது நான்காவது.

நான்குக்கும் சம மதிப்பு. பலர் மூன்றாவதையும் நான்காவதையும் நினைத்தே பயப்படுகிறார்கள். அகராதியைப் புரட்டுகிறார்கள். கடினமான சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் முதல் விஷயத்திலேயே கோட்டை விட்டுவிடுகிறார்கள். கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று என்று ஆகிவிடுகிறது.

எங்கே இது தொடங்குகிறது? முன்னுரையில்!

முன்னுரைக்குத் தனி மார்க் உண்டா?

கிடையாது. முன்னுரைக்கு இத்தனை, முடிவுரைக்கு இத்தனை என்று பிரித்துப் போடுவது இல்லை.

பிறகு ஏன் முன்னுரையைப் பற்றி இவ்வளவு கவலை?

பரீட்சையை நடத்துகிறவர்கள், எந்த மார்க்குக்கு என்ன தகுதி என்று ஓர் அட்டவணை வெளியிட்டிருக்கிறார்கள். 7 மார்க் வேண்டும் என்றால், எழுதுகிறவரின் கருத்து தெளிவாகத் தெரிய வேண்டும். அது வளர்த்துச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

கருத்தை முன்னுரையிலேயே சொல்லியாக வேண்டும் என்று விதி இல்லை. கடைசியில்கூடச் சொல்லலாம். ஆனால் அதில் ஆபத்து இருக்கிறது. தன் முடிவு என்ன என்று தெரியாமல் எழுதத் தொடங்குகிறவர், நடுவழியில் தடுமாறுவார். ஒரு பத்தியில் "ஆம்" என்பார். அடுத்த பத்தியில் "இல்லை" என்பார். அதற்குள் 40 நிமிடம் முடிந்துவிடும்.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிட்டால்? எழுதுகிறவருக்கும் வழி தெரியும். திருத்துகிறவருக்கும் வழி தெரியும்.

பழைய பழக்கம்

முன்னுரை நமக்குப் புதியது அல்ல. பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நூலின் முன்னுரையைப் 'பாயிரம்' என்று சொல்கிறது. அதற்கு முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்று 7 பெயர்களைத் தருகிறது. எவ்வளவு பெரிய நூலாக இருந்தாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே அல்ல என்றும் கூறுகிறது.

பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கும் நன்னூலில் பட்டியல் உண்டு. நூல் எந்தப் பொருளைப் பற்றியது என்பதும், அதைப் படிப்பதால் வரும் பயன் என்ன என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அலங்காரம் மட்டும் போதாது. விஷயம் வேண்டும் என்பது பழைய விதி.

பள்ளிக்கூடத்திலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டு எழுதிப் பழகியிருக்கிறோம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் முன்னுரை என்றால் ஒரு பழமொழி, ஒரு பொன்மொழி, உலகத்தின் பெருமை ஆகியவற்றைச் சொல்லி, மெதுவாக விஷயத்துக்கு வருவது என்றும் பழகிவிட்டோம். 40 நிமிடப் பரீட்சையில் அதற்கு நேரம் இல்லை.

ஒரே கேள்வி, இரண்டு முன்னுரை

இந்தப் பரீட்சையில் வரக்கூடிய முறையில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பரீட்சை ஆங்கிலத்தில் என்றாலும், விஷயம் புரிவதற்காகத் தமிழிலேயே பார்ப்போம்.

"பிள்ளைகள் வீட்டு வேலைகளில் உதவ வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். படிப்பது மட்டுமே பிள்ளைகளின் வேலை என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டு கருத்துகளையும் ஆராய்ந்து, உங்கள் கருத்தையும் கூறுக."

பலரும் எழுதும் முன்னுரை இப்படி இருக்கும்:

"இன்றைய நவீன உலகம் மின்னல் வேகத்தில் முன்னேறிக்கொண்டிருக்கிறது. விஞ்ஞானம் வானளாவ வளர்ந்துவிட்டது. மனித வாழ்வில் குழந்தைப் பருவம் மிக முக்கியமானது. பிள்ளைகள் வீட்டு வேலைகளில் உதவ வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. அவற்றை இந்தக் கட்டுரையில் விரிவாகக் காண்போம்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை ஓட்டைகள்!

முதல் இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். அவற்றை அப்படியே எடுத்துப் பிளாஸ்டிக்கைப் பற்றிய கட்டுரையில் ஒட்டலாம். ரெயில் பயணத்தைப் பற்றிய கட்டுரையிலும் ஒட்டலாம். எங்கும் ஒட்டும் வாக்கியம் எதையும் சொல்லாத வாக்கியம்.

நான்காவது வாக்கியம் கேள்வியிலிருந்து எடுத்தது. கேள்வித்தாளில் உள்ளதை அப்படியே எழுதினால், அந்த வார்த்தைகளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதிலும் ஒரு கருத்துதான் வந்திருக்கிறது. மற்றொரு கருத்து விட்டுப்போயிற்று.

ஐந்தாவது வாக்கியம் நழுவல். கேள்வி கேட்டது நன்மை தீமை அல்ல. "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டது. அதற்குப் பதிலே இல்லை.

ஆறு வாக்கியம் எழுதியாயிற்று. பல நிமிடங்கள் போயின. பதில் இன்னும் தொடங்கவில்லை!

இப்போது மற்றொரு முன்னுரை:

"பிள்ளைகள் வீட்டுக் காரியங்களில் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டுமா, பாடப் புத்தகத்தோடு மட்டும் இருக்க வேண்டுமா என்பதில் இரண்டு விதமான எண்ணம் இருக்கிறது. படிப்புக்கு நேரம் தேவை என்பது உண்மையே. ஆனாலும் தினமும் சிறிது நேரம் வீட்டு வேலை செய்யும் பிள்ளை பொறுப்பைக் கற்றுக்கொள்கிறது. அதனால் படிப்பும் கெடுவதில்லை என்பதே என் கருத்து."

நான்கே வாக்கியம். முதல் வாக்கியம் கேள்வியைச் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டது. இரண்டு கருத்துகளும் அதில் வந்துவிட்டன. இரண்டாவது வாக்கியம் எதிர்த் தரப்புக்கு உரிய மரியாதையைக் கொடுத்தது. மூன்றாவது, நான்காவது வாக்கியங்கள் பதிலைச் சொல்லிவிட்டன.

அதோடு இன்னொரு காரியமும் நடந்திருக்கிறது. படிப்புக்கு நேரம் வேண்டும் என்பது ஒரு பத்தி. வேலை செய்தால் பொறுப்பு வரும் என்பது ஒரு பத்தி. படிப்புக் கெடாது என்பது ஒரு பத்தி. கட்டுரை முழுவதற்கும் வழி போட்டாயிற்று!

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட முன்னுரைக்கு 40 முதல் 60 வார்த்தை போதும். 250 வார்த்தைக் கட்டுரையில் 100 வார்த்தை முன்னுரை என்பது, சிறிய வீட்டுக்குக் கோவில் கோபுரம் கட்டுவது போல.

கேள்வியில் 5 விதம்

முன்னுரை எழுதத் தெரிய வேண்டுமானால் கேள்வியைப் படிக்கத் தெரிய வேண்டும். இந்தப் பரீட்சையில் பெரும்பாலும் 5 விதமான கேள்விகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னுரையின் கடைசி வாக்கியம் வேறு.

1. "இந்தக் கருத்தை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?" ஆங்கிலத்தில் 'டு வாட் எக்ஸ்டென்ட்' என்று வரும். 'அளவு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முழுவதும் ஏற்கிறேன், ஓரளவுக்கு ஏற்கிறேன், ஏற்கவே இல்லை. இவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓரளவுக்கு என்றால் எந்த அளவுக்கு என்பதையும் சொல்ல வேண்டும். "கிராமத்துப் பள்ளிகளுக்கு இது பொருந்தும், நகரத்துக்குப் பொருந்தாது" என்பது போலத் தெளிவாக இருக்க வேண்டும்.

2. "இரண்டு கருத்துகளையும் ஆராய்ந்து, உங்கள் கருத்தைக் கூறுக." மேலே பார்த்த கேள்வி இந்த விதம். இரண்டு கருத்து, அதோடு உங்கள் கருத்து. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பதில் அரைகுறைதான்.

3. "நன்மை அதிகமா, தீமை அதிகமா?" ஆங்கிலத்தில் 'அவுட்வெய்' என்ற சொல் வரும். தராசில் எந்தத் தட்டு கனமானது என்று பொருள். நன்மையைப் பட்டியல் போட்டு, தீமையையும் பட்டியல் போட்டுவிட்டு நிறுத்தினால் போதாது. எந்தத் தட்டு கீழே இறங்குகிறது என்று சொல்ல வேண்டும்.

4. "காரணம் என்ன? அதற்கு என்ன செய்யலாம்?" நகரங்களில் போக்குவரத்து நெரிசல், குப்பை, தண்ணீர்த் தட்டுப்பாடு முதலியவை இப்படிக் கேட்கப்படலாம். முக்கியமான காரணம் ஒன்றையும், அதற்கு ஏற்ற வழி ஒன்றையும் முன்னுரையிலேயே சொல்லிவிட வேண்டும். நோய் ஒன்று, மருந்து வேறு என்று ஆகிவிடக் கூடாது.

5. அடுத்தடுத்து இரண்டு கேள்விகள். "ஏன் இப்படி நடக்கிறது? இது நல்ல மாறுதலா?" என்பது போல வரும். இரண்டுக்கும் பதில் வேண்டும். இரண்டாவது கேள்வியை மறந்துவிட்டு எழுந்து போகிறவர்களும் உண்டு!

எந்தக் கருத்தைச் சொன்னால் மார்க் கிடைக்கும் என்று சிலர் யோசிக்கிறார்கள். அந்தக் கவலையே வேண்டாம். வீட்டு வேலை நல்லது என்றும் எழுதலாம். கூடாது என்றும் எழுதலாம். திருத்துகிறவர் உங்கள் கட்சி எது என்று பார்ப்பது இல்லை. கட்சியைத் தெளிவாகச் சொன்னீர்களா, காரணம் காட்டினீர்களா என்றுதான் பார்க்கிறார்.

சொந்த வார்த்தை என்றால் என்ன?

"கேள்வியைச் சொந்த வார்த்தையில் எழுது" என்று எல்லா உபாத்தியாயர்களும் சொல்கிறார்கள். அதை அளவுக்கு மீறிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

'சில்ட்ரன்' என்றால் பிள்ளைகள். அந்தச் சொல்லை மாற்றியே ஆக வேண்டும் என்று 'ஜுவனைல்ஸ்' என்று எழுதுகிறவர் உண்டு. அந்தச் சொல் பெரும்பாலும் கோர்ட்டிலும் போலீஸ் செய்தியிலும் அடிபடும் சொல். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு நொடியில் கூண்டில் ஏறிவிடுகிறது!

எல்லாச் சொற்களையும் மாற்ற வேண்டியது இல்லை. முக்கியமான சொல் அப்படியே இருக்கலாம். வாக்கியத்தின் அமைப்பை மாற்றினால் போதும். கேள்வியில் இரண்டு வாக்கியமாக இருந்ததை ஒரே வாக்கியமாக ஆக்கலாம். "சிலர் நினைக்கிறார்கள், வேறு சிலர் நினைக்கிறார்கள்" என்பதை "இரண்டு விதமான எண்ணம் இருக்கிறது" என்று மாற்றலாம். நன்றாகப் பழகிய சொல்லைச் சரியான இடத்தில் போடுவதே சொல்வளம்.

தமிழில் நினைக்கிறவர்களுக்கு

தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவது தவறு அல்ல. யோசனைக்குத் தாய்மொழியே வசதி. ஆனால் வாக்கியத்தைக் கட்டும்போது ஜாக்கிரதை வேண்டும்.

"வேலை முடிந்து இரவு வீடு திரும்பும் தாய்க்குச் சமையலில் உதவி செய்யும் பிள்ளைகள் பொறுப்பைக் கற்றுக்கொள்கிறார்கள்."

இது நல்ல தமிழ் வாக்கியம். 'பிள்ளைகள்' என்ற எழுவாய் எங்கே வருகிறது? முக்கால் வாக்கியம் போன பிறகு வருகிறது. 'கற்றுக்கொள்கிறார்கள்' என்ற வினை கடைசியில் வருகிறது.

ஆங்கிலத்தில் வரிசை வேறு. யார் என்பது முதலில் வர வேண்டும். என்ன செய்கிறார் என்பது கூடிய வரையில் அதன் பக்கத்திலேயே வர வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான். "பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்" என்பதை முதலில் நிறுத்துங்கள். எதை, எப்படி, எப்போது என்பதைப் பிறகு சேருங்கள். 'போய்', 'வந்து', 'செய்து' என்று தமிழில் ஓடும் நீண்ட வாக்கியத்தை ஆங்கிலத்தில் இரண்டாக வெட்டிவிடுங்கள்.

முன்னுரையில் அடிக்கடி வரும் பிழைகள் இன்னும் சில உண்டு.

'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபௌட்' போடுகிறார்கள். 'இதைப் பற்றி' என்ற தமிழ் நினைவு அப்படிப் போடச் சொல்கிறது. 'டிஸ்கஸ்' என்றாலே போதும். 'அபௌட்' வேண்டாம்.

'தி', 'ஏ' என்ற சிறிய சொற்களை விட்டுவிடுகிறார்கள். தமிழில் அவை இல்லாததால் கை தானாகவே விட்டுவிடும். பெயர்ச்சொல் வரும் இடங்களில் எல்லாம் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும்.

ஒரு பிள்ளையைப் பற்றி எழுதும்போது 'ஹெல்ப்ஸ்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஹெல்ப்' என்று எழுதிவிடுகிறார்கள். கடைசியில் வரும் அந்த 'ஸ்' சிறியதுதான். ஆனால் முதல் வாக்கியத்திலேயே அது விட்டுப்போனால், திருத்துகிறவர் கண்ணில் உடனே பட்டுவிடும்.

மனப்பாடம் வேண்டாம்!

"எந்தக் கேள்வி வந்தாலும் இந்த முன்னுரையை எழுதிவிடு" என்று அச்சடித்த தாளை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "இது இருபுறமும் கூர் உள்ள கத்தி", "நாணயத்துக்கு இரண்டு பக்கம்" என்று அதில் இருக்கும். பாவம், அந்தக் கத்தியும் நாணயமும் எத்தனை ஆயிரம் விடைத்தாள்களில் உழைத்துவிட்டன!

திருத்துகிறவர்கள் இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். மனப்பாட வாக்கியம் அவர்களுக்கு எளிதில் தெரியும். இரவல் வாக்கியம் அழகாக இருக்கும். அடுத்த வாக்கியம் தள்ளாடும். இரண்டும் ஒரே கை எழுதியது அல்ல என்பது வெளியாகிவிடும். முழுக் கட்டுரையும் மனப்பாடம் செய்து எழுதியது என்று நிரூபணமானால் 0 மார்க் என்று விதியிலேயே இருக்கிறது.

மனப்பாடம் செய்யத் தகுந்தது ஒன்று உண்டு. அது வாக்கியம் அல்ல, வரிசை. கேள்வி என்ன? என் பதில் என்ன? ஏன்? இந்த மூன்றும் நினைவில் இருந்தால் போதும்.

40 நிமிடத்தைப் பங்கு போடுவது

கேள்வியைப் பார்த்தவுடன் எழுதத் தொடங்கக் கூடாது. முதல் 5 நிமிடம் யோசனைக்கு. கேள்வியை இரண்டு தடவை படித்து, அது எந்த விதம் என்று முடிவு செய்ய வேண்டும். பதிலையும் இரண்டு காரணங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதைத் தமிழில் குறித்தாலும் பாதகம் இல்லை.

அடுத்த 5 நிமிடம் முன்னுரைக்கு. அதற்குப் பிறகு 25 நிமிடத்தில் மற்றப் பத்திகளும் முடிவுரையும். கடைசி 5 நிமிடம் திருத்துவதற்கு. அப்போது முன்னுரையை மறுபடியும் படிக்க வேண்டும். அதில் சொன்ன கருத்தும் முடிவுரையில் சொன்ன கருத்தும் ஒன்றாக இருக்கின்றனவா? எழுதிக்கொண்டே போகும்போது சிலருக்கு மனம் மாறிவிடும். அப்படி மாறியிருந்தால் முன்னுரையின் கடைசி வாக்கியத்தைத் திருத்திவிட வேண்டும்.

கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்களுக்கு இது சுலபம். எத்தனை வார்த்தை எழுதினோம் என்பதும் திரையிலேயே தெரியும்.

வீட்டிலேயே பழகலாம்

முன்னுரை எழுதிப் பழகப் பெரிய செலவு இல்லை. தினமும் ஒரு கேள்வி, ஒரு முன்னுரை, 10 நிமிடம். முழுக் கட்டுரை எழுத வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு மாதத்தில் 30 முன்னுரை ஆகிவிடும். எந்த விதமான கேள்வியைப் பார்த்தாலும் பயம் வராது.

எழுதிய பிறகு 3 சோதனை செய்து பார்க்கலாம்.

கேள்வித்தாளை மறைத்துவிட்டு முன்னுரையை மட்டும் ஒருவரிடம் காட்டுங்கள். கேள்வி என்ன என்று அவர் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் பதில் என்ன என்று அவரிடமே கேளுங்கள். அதையும் அவர் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் வேறு கட்டுரையில் ஒட்ட முடியுமா என்று பாருங்கள். ஒட்ட முடிந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

இதில் ஆங்கிலம் தெரியாத தாய் தந்தையரும் உதவலாம். சாப்பாட்டு வேளையில் கேள்வியைத் தமிழில் போட வேண்டும். "நகரத்தில் இருப்பது நல்லதா, கிராமத்தில் இருப்பது நல்லதா?" என்று கேட்கலாம். "பஸ் கட்டணத்தைக் குறைத்தால் சாலையில் நெரிசல் குறையுமா?" என்று கேட்கலாம். பதில் இரண்டு மூன்று வாக்கியத்துக்குள் வர வேண்டும். காரணமும் அதற்குள் இருக்க வேண்டும். "உலகம் மின்னல் வேகத்தில்…" என்று மகளோ மகனோ தொடங்கினால், அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்:

"அது இருக்கட்டும். நீ என்ன சொல்கிறாய்?"

பரீட்சையில் கேட்பதும் அதே கேள்விதான்.